அந்தக் கையை எடுத்துரு மக்களே

மகளுடைய கல்யாண ஆல்பத்தில் இருந்து தன் கையை எடுத்துவிடச் சொன்ன ஒரு அம்மாவைப் பற்றி மூன்று வருஷமாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுவிடும். அந்தக் கை அப்படித் தெரிந்ததற்குக் காரணம் நான்தான் என்பதால் எழுத வரவில்லை. திங்கள்சந்தையில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாக ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். நாகர்கோவில், குளச்சல், மார்த்தாண்டம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் முன்பெல்லாம் கல்யாணம் முடிந்த மறுநாள் பென்டிரைவைக் கொடுத்தனுப்புவார்கள், இப்போது போனில் லிங்க் வந்துவிடுகிறது. ஆயிரத்துச் சொச்சம் படம் இருக்கும். அதில் நூற்றைம்பதைப் பொறுக்கி, கலர் சரிசெய்து, முகத்துக்கு டச்சப் பண்ணி, 12-க்கு 36 ஷீட்டில் அடுக்கி லேபுக்கு அனுப்ப வேண்டும். டச்சப் என்றால் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் இதெல்லாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். அது ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷ வேலை. எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் வெளுக்க வைப்பது. "பெண்ணை மட்டும் நல்லா தூக்கிரு" என்று ஸ்டுடியோ அண்ணன் சொன்னால் வேறு விளக்கமே தேவையில்லை.

எப்படித் தூக்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. நம்ம ஆட்களின் தோல் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் சாஃப்ட்வேரின் கணக்கில் அது ஆரஞ்சுதான். பழுப்பு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது, வெளிச்சம் குறைந்த ஆரஞ்சைத்தான் நாம் பழுப்பு என்கிறோம். அதனால் லைட்ரூம் என்கிற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் ஆரஞ்சின் லுமினன்ஸை, அதாவது வெளிச்சத்தை ஏற்றி, சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் இறக்கினால் போதும், ஆள் இரண்டு நொடியில் வெளுத்துவிடுவார். ஒரு படத்தில் செய்ததை அப்படியே நானூறு படத்துக்கும் ஒட்டிவிடலாம். ஒரே தொந்தரவு, தங்கமும் அதே பக்கத்து நிறம். தோலோடு சேர்ந்து நகையும் வெளிறிப்போகும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதற்காகப் பெரிய சத்தமே வந்துவிட்டது, ஐம்பது பவுன் போட்ட பிள்ளைக்குக் கவரிங் போட்ட மாதிரி இருக்கிறதாம். யாரும் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மணப்பெண் படத்தில் நகையைத் தனியாக மாஸ்க் போட்டுக் காப்பாற்றிவிட்டு, தோலை மட்டும் தூக்குவேன். தங்கம் உள்ளபடி இருக்க வேண்டும், பெண் உள்ளபடி இருக்க வேண்டாம். பல வருஷம் இதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஷீட்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா மீன் விற்பவர். கோயில் கல்யாணம், எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். வெள்ளைப் புடவை, தலையில் நெட், கையில் பொக்கே. வெள்ளைப் புடவைப் படங்களில் எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. கேமராவில் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். முன்னால் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அளவைக் குறைத்துவிடும், புடவை மங்கி முகம் இருண்டுபோகும். எடுப்பவர் கவனித்து வெளிச்சத்தின் அளவை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும், கல்யாண அவசரத்தில் பாதிப் பேர் வைப்பதில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அப்படியானால் எத்தனை பெண்களின் முகம் புடவையின் வெள்ளையால் இருண்டு வந்து, அந்த இருட்டுக்கு அவர்களுடைய நிறத்தைக் காரணம் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் அம்மா மகளை ஆசீர்வதிக்கிற படம் அது. கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுகிறார். மற்ற நான்கு விரலும் மகளின் கன்னத்தோரமாக, காதை ஒட்டிப் படிந்திருக்கின்றன. பக்கத்து ஜன்னலில் இருந்து வெளிச்சம் வருகிறது, ஃபிளாஷ் போடவில்லை. பெண் கண்ணை மூடியிருக்கிறாள். பதினோரு வருஷத்தில் என் கையில் வந்த நல்ல படங்களில் ஒன்று, எடுத்த பையனைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தேன்.

மற்ற எல்லாப் படத்திலும் பெண்ணைத் தூக்கியாகிவிட்டது, இதில் மட்டும் எப்படி விடுவது. ஆனால் ஆரஞ்சை ஏற்றினால் அம்மாவின் கையும் சேர்ந்து ஏறும். அம்மாவுக்கு ஷீட் முழுக்க வேறு படங்களில் அவருடைய நிறம்தான் இருக்கிறது, அதனால் இந்தக் கை மட்டும் வெளுத்தால் ஒட்டாது. சரி, மாஸ்க் போடுவோம் என்று படத்தை 300 சதவீதம் பெரிதாக்கி, அம்மாவின் விரல் விளிம்பையும் மகளின் கன்னத்தையும் பிரித்துக் கோடு போட ஆரம்பித்தேன். அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு தெரியவே இல்லை. இரண்டும் ஒரே நிறம். நிழல் விழுந்த இடத்தை வைத்து இது விரல், இது கன்னம் என்று உத்தேசமாகத்தான் பிரித்தேன். இருபது நிமிஷம் ஆனது. அப்போது எனக்கு மனசில் எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஒரே படத்துக்கு இவ்வளவு நேரம் போகிறதே என்றுதான் இருந்தது. அப்புறம் கன்னத்தைத் தூக்கினேன். கை அப்படியே நின்றது.

பிரிண்டுக்குப் போகும் முன் டிசைனைப் பார்க்க வீட்டுக்காரர்களை ஸ்டுடியோவுக்கு வரச்சொல்வார்கள். அன்றைக்கு நானும் போயிருந்தேன். அம்மா சந்தையில் இருந்து நேராக வந்திருந்தார், கடவத்தை, அதாவது மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒவ்வொரு ஷீட்டும் மாற மாற அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "எனக்க பிள்ளையா இது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். ஆசீர்வாதப் படம் வந்தது. அவர் பேசவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தார், மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார், திரும்ப ஸ்கிரீனைப் பார்த்தார். "எனக்க கை என்ன மக்களே இப்பிடி கெடக்கு, பிள்ளைக்க மொகத்துல கரி அப்புன மாதிரி" என்றார். எங்கள் ஊரில் சின்னவர்களைப் பிரியமாக மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரே ஆள் என்றாலும். மகள் "சும்மா இரும்மா" என்றாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை, என்னிடம் ரொம்பத் தணிந்த குரலில், ஏதோ தன் தப்பை மன்னிக்கச் சொல்கிற மாதிரி, "அந்தக் கையை எடுத்துரு மக்களே" என்றார். ஸ்டுடியோ அண்ணன் "அதுக்கென்ன அக்கா, எடுத்துரலாம்" என்று சொல்லி அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கையை எடுத்தால் ஆசீர்வாதம் எங்கே இருக்கும்? பெண் காரணமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். முகத்தைப் பழையபடி ஆக்கினால் இந்த ஒரு ஷீட்டில் மட்டும் வேறு பெண்ணாகத் தெரிவாள், ஆல்பம் முழுவதையும் திருப்பிச் செய்ய வேண்டும், லேபுக்கு மறுநாள் காலையில் ஃபைல் போயாக வேண்டும். நான் மூன்றாவது வழியை எடுத்தேன், கையையும் வெளுத்தேன். விரல் கணுக்களில் மீன்முள் குத்திய தழும்புகள், ஆட்காட்டி விரலின் ஓரத்தில் அரிவாள்மணை பட்டுப் பட்டுக் காய்த்துப்போன இடம், நகத்தடியில் உப்பும் செதிலும் அரித்த வெடிப்பு. கருத்த தோலில் இவையெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வெளுத்த உடனே ஒவ்வொன்றும் அழுக்கு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது, அதனால் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் மெழுகில் செய்த ஒரு கை கிடைத்தது. ஆல்பம் போனது, வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம், மீதிப் பணமும் வந்தது.

அண்ணாச்சியின் பென்சில்

கம்ப்யூட்டர் வந்துதான் இதெல்லாம் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி வடசேரியில் ஃபிலிம் காலத்தில் இருந்து ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஃபோட்டோஷாப் 1990-ல்தான் வந்தது, அவர் அதற்கு முன்பே முகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார், நெகட்டிவில், பென்சிலால். சாய்வாக வைத்த கண்ணாடிக்கு அடியில் பல்பு எரியும், மேலே நெகட்டிவ். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கிய பென்சில் முனை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, கருத்த தோல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்தால் வெளிச்சம் தாளுக்குப் போவது குறையும், பிரிண்டில் அந்த இடம் வெளுப்பாக வரும். கருப்பை வைத்துத்தான் வெள்ளையாக்க வேண்டும். ஒரு முகத்துக்கு அரைநாள் ஆகும் என்பார். அதனால் கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரம், நெற்றிச் சுருக்கம், இவ்வளவோடு விட்டுவிடுவார். முகம் முழுவதையும் மாற்ற யாருக்கு நேரம் இருந்தது?

அண்ணாச்சி அடிக்கடி சொல்கிற ஒரு வார்த்தை உண்டு, "மொகத்துல வெட்டம் வரணும்". வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் வெளிச்சத்துக்கு வெட்டம் என்போம். வெட்டத்தைப் போடு என்றால் லைட்டைப் போடு. கஸ்டமர்களும் அதே வார்த்தையில்தான் கேட்பார்கள், "மொகத்துல கொஞ்சம் வெட்டம் வேணும்" என்று. இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை நூறு தடவை அதைக் கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட அதை வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கை விஷயம் நடந்த பிறகு ஒரு நாள் வேறொரு வீட்டு அம்மா இதே வாக்கியத்தைச் சொன்னபோதுதான் காதில் விழுந்தது. அவர் கேட்டது வெட்டம்.

கருத்த தோலில் வெட்டம் என்பது என்ன என்று அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன், படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிறிய தோல் விழுகிற வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். கருத்த தோல் அவ்வளவு சிதறடிக்காது, அதனால் கன்ன எலும்பின் மேல், மூக்குத்தண்டில், நெற்றியில் விழுகிற மினுக்கம்தான் முகத்துக்கு வடிவத்தைக் கொடுக்கிறது. ஜன்னல் மாதிரிப் பெரிய, பக்கவாட்டு வெளிச்சத்தில் அது எண்ணெய் தடவிய வெண்கலம் மாதிரி நிற்கும். நேர் ஃபிளாஷ் அந்த வடிவத்தைக் கொன்றுவிடும், முகம் தட்டையாகிவிடும். அதற்கு மேல் மேக்கப்காரர்கள் இரண்டு ஷேடு ஏற்றிப் பவுண்டேஷன் பூசி அனுப்புகிறார்கள், சில பவுடர்களில் இருக்கிற டைட்டானியம் டையாக்சைடு ஃபிளாஷைத் திருப்பி அடித்து முகத்தில் மாவு தூவிய மாதிரி ஆக்கிவிடுகிறது, கழுத்து மட்டும் கழுத்தாக இருக்கிறது. இருட்டாக எடுத்த படத்தை நாங்கள் இங்கே தூக்கும்போது நிறத்தையும் குறைத்துவிடுவதால் தோலில் இருக்கிற சிவப்பு செத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். "பிள்ளை கருத்துப்போய் வந்திருக்கு" என்று சொல்கிற படங்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. முட்டத்தில் பாறைமேல் நிற்க வைத்துக் கடலையும் வானத்தையும் பின்னால் வைத்து எடுத்திருப்பார்கள், வானத்துக்கு அளவு வைத்தால் முகம் இருண்டுதானே போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் எடுத்திருந்தால் இலையில் பட்டு வருகிற பச்சை தாடைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். பச்சை ஏறிய பழுப்பு நோயாளியின் நிறம். அதற்குக் கொஞ்சம் மெஜந்தா சேர்த்துப் பச்சையைப் போக்கினாலே முகத்தில் ரத்தம் வந்துவிடுகிறது, வெளுக்க வேண்டியதே இல்லை.

எண்ணிலும் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு, மவுஸை வைக்கிற இடத்தில் எவ்வளவு சியான் என்கிற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள் என்று காட்டும். நம்ம தோலில் மெஜந்தாவை விட மஞ்சள் கொஞ்சம் தூக்கலாகவும், சியான் இரண்டையும் விடக் குறைவாகவும் இருக்கும், தோல் கருக்கக் கருக்க சியான் ஏறும். வீடியோ எடிட்டர்களைக் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். வெக்டர்ஸ்கோப் என்கிற, படத்தின் நிறங்களை வட்டத்தில் காட்டுகிற வரைபடத்தில் தோலுக்கு என்று ஒரு கோடு இருக்கிறது, உலகத்தில் எந்த நாட்டு ஆளின் முகத்தை வைத்தாலும் சாயல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும், எங்கள் ஊர் மீன்காரர் ஆனாலும் நார்வேக்காரர் ஆனாலும். வெளிச்சத்தின் அளவுதான் மாறும். இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய கம்பெனிகளும் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளவில்லை. கலர் பிரிண்டைச் சரிபார்க்க கோடாக் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள், ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கிற கார்டு 1990-களில்தான் வந்தது. ஃபிலிமில் பழுப்பு சரியாக வரவில்லை என்று கம்பெனியின் காதில் விழும்படிச் சொன்னவர்களில் சாக்லேட்டும் மரச்சாமானும் விளம்பரப்படுத்தியவர்கள் இருந்தார்களாம். கருத்த பிள்ளைகளின் அம்மாமார் அதற்கு முன்பே சொல்லியிருப்பார்கள் அல்லவா?

இப்போது செய்வது

இப்போது நான் முதலில் வெட்டத்தை மட்டும் சரிசெய்து நான்கு படத்தை அனுப்புகிறேன். வெளிச்சம், வொயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், பரு, அவ்வளவுதான். வெளுத்த ஒன்றைப் பக்கத்தில் வைப்பதில்லை, வைத்தால் கண் அதற்குத்தான் போகும். பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டால் பேசுகிறேன். நிறையப் பேர் கேட்பதில்லை, "நல்லா வந்திருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்கிறவர்களும் உண்டு. ஒரு ஸ்டுடியோ என்னிடம் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது, அது என் வருமானத்தில் நல்ல பங்கு. வரன் பார்க்க அனுப்புகிற படத்துக்கு வெளுக்கச் சொல்லி வருகிற அம்மாக்களிடம் என்னால் முகத்தில் அடித்த மாதிரிப் பேச முடியவில்லை. 2011 கணக்கெடுப்பில் படித்தவர்கள் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று பெருமையாகச் சொல்கிற மாவட்டத்தில், பெண் பார்த்துவிட்டுப் போய் "நிறம் கொஞ்சம் கொறவு" என்று சொல்லி அதற்குப் பத்துப் பவுன் கூடக் கேட்கிறார்கள். 1975-ல் இருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 2020-ல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டது, கல்யாணத் தரகர்களின் நோட்டில் இருந்து அது இன்னும் போகவில்லை. அந்த அம்மாக்கள் கேட்கிறதில் பயம்தான் இருக்கிறது. ஆனால் கேட்காத வீடுகளுக்கும் நாங்களாகவே வெளுத்துக் கொடுத்தோம், ஆயிரக்கணக்கான ஆல்பங்களில், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த வீடு கேட்கப் பழகியது. இந்தப் பாவத்தில் எங்கள் பங்கை நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஹார்ட்டிஸ்கில் அந்தக் கல்யாணத்தின் ரா ஃபைல்கள், அதாவது கேமராவில் பதிந்தபடியே இருக்கிற திருத்தாத ஃபைல்கள் இருந்தன. போன மழைக்காலத்தில் ஆசீர்வாதப் படத்தை எடுத்து ஆரம்பத்தில் இருந்து செய்தேன். எல்லிஸ் மாங்க் என்கிற ஹார்வர்டு சமூகவியல் பேராசிரியர் வகுத்த 10 படி நிற அட்டவணையை கூகுள் 2022-ல் வெளியிட்டது, அதைப் பிரிண்ட் போட்டு மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மகளின் கன்னத்துக்கும் அம்மாவின் கைக்கும் ஒரே ஒரு படிதான் வித்தியாசம், அதுவும் வெயிலில் கிடந்த கை என்பதால். வெட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், ஜன்னல் பக்கம் விரல்களின் மேல் மினுக்கம் வந்தது. தழும்புகளைத் தொடவில்லை. 8-க்கு 12-ல் ஒரு பிரிண்ட் எடுத்தேன், அப்புறம் கொடுக்கத் தைரியம் இல்லாமல் நாலு மாசம் மேஜை டிராயரில் கிடந்தது.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவர் சாளை மீன் வைத்திருந்தார். அரைக்கிலோ வாங்கிவிட்டு, அக்கா இந்தப் படம் ஞாபகம் இருக்கா என்று நீட்டினேன். முந்தானையில் நன்றாகக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார், வெயிலுக்குத் திருப்பியும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி "மோளுக்க கல்யாணத்தன்னைக்கு எடுத்தது" என்றார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படத்தைத் திரும்பத் தாளில் சுற்றி, கடவத்துக்குப் பின்னால் ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, "அவருக்க படம் ஒண்ணு கெடக்கு மக்களே, கார்டுல உள்ளது, மொகமே தெரியாது, இது மாதிரி எடுத்துத் தருவியா" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கொண்டுவந்து தந்தார், அவருடைய வீட்டுக்காரரின் மீனவர் அடையாள அட்டை. இரண்டு விரல் அகலம் இருக்கும் படம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு சுவரில் மாட்டுவதற்காக இப்படிப்பட்ட படங்கள் நிறைய என்னிடம் வந்தன, பல வீடுகளில் கடலுக்குப் போன ஆளுக்கு அட்டையில் இருப்பதைத் தவிர வேறு படமே இல்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் ஒரு கருத்த உருவம். அப்போது அவற்றையும் ஆரஞ்சை ஏற்றித்தான் கொடுத்தேன். இந்தத் தடவை ஸ்கேன் பண்ணி, வெள்ளைச் சுவரை முதலில் இறக்கிவிட்டு, இருட்டுக்குள் இருப்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருக்கிறேன். இடது நெற்றி வந்திருக்கிறது, மீசையின் ஒரு பக்கமும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. கண் இன்னும் வரவில்லை.